மூன்றாவது புள்ளி

தொண்டி ஐஸ் கம்பெனியின் பின்சுவரில்
ராத்திரி பத்துக்கு மேல்
டியூப்லைட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி
அது வந்து உட்காரும்.
ஓர் அரிசி நீளம்கூட இல்லை.
சுவரின் அழுக்கு என்று
நாலு நாள் கடந்து போயிருக்கிறேன்.
ஐந்தாம் நாள்
அழுக்கு இடம் மாறியிருந்தது.

விட்டில்தானே, பெருக்கித் தள்ளு
என்றார் கம்ப்ரசர் பார்க்கிற சகுபர்.
இங்கே இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர்.
காரலில் எத்தனை காரல்,
திருக்கையில் எத்தனை திருக்கை
என்று கேட்டால்
பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சொல்லும்.
விலைக்குப் போகாததற்கு
யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்.

கடிகாரக் கடைக் கண்ணாடியை
ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
ஐஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
முன்சிறகு ஈரச் சிமெண்டு நிறம்.
அடித்துவிட்டு,
இரண்டு நாள் காய்ந்த நெத்திலி நிறம்.
பின்சிறகு ஒடுக்கம்,
அதன் ஓரக் குஞ்சம் சிறகைவிட அகலம்.
முகத்தில் இரண்டு கொம்பு மேல்நோக்கி வளைந்து,
வெள்ளாட்டுக் குட்டிக்கு முளைப்பதுபோல.
உணர்கொம்பில் கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு
(இருபத்தாறு வரை எண்ணினேன்,
என் மூச்சுப் பட்டு நகர்ந்துவிட்டது).
சிறகுக்கு மூன்று கரும்புள்ளி.

காரங்காட்டு அலையாத்திக்குள்
ஏழு மாதம் சேறு அளந்த மெர்லின் ஷைலா
ஐஸ் பாக்கிக்கு ஈடாக விட்டுப்போன தடித்த புத்தகம்,
அமெரிக்காவின் உப்புச் சதுப்பு விட்டில்கள்.
முப்பத்தோராம் பக்கம், ஆறாவது வரிசை, இடது ஓரம்:
அதே நெத்திலி, அதே குஞ்சம்,
அதே ஆட்டுக்குட்டிக் கொம்பு.
புழு, உமரி ஜாதிச் செடியின்
சதைத்தண்டைக் குடைந்து வளரும் என்று போட்டிருந்தது.
எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்
கடல்வரை உமரிதான்.
ஆனால் படத்தில் புள்ளி இரண்டு.

மெர்லினுக்குப் படம் அனுப்பினேன்.
அவள் பதில்:
சாம்பல் நிறத்ததெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்,
சிறகை நம்பாதே.
கொன்று, வால்நுனியை வெட்டி,
காரத்தில் வேகவைத்து,
ஆணின் உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி,
பெயர் அதில்தான் இருக்கிறது.

கொல்வதற்கு இங்கே என்ன கஷ்டம்,
குளிர்தான் எங்கள் வியாபாரம்.
மாத்திரை டப்பாவில் பிடித்து
இரண்டு ஐஸ் பாருக்கு நடுவில் வைத்தேன்.
கால்களை மடக்கிக்கொண்டது.
பத்தே நிமிடம்.
உள்ளங்கையில் கவிழ்த்து
கண்ணாடியை இறக்கினேன்.

நடுப்புள்ளி புள்ளிதானா,
தூள் உதிர்ந்த ஓட்டையா?
சந்தேகம் என்றால்
விரல் சும்மா இருக்காது.
தொட்டேன்.
புள்ளி என் கட்டைவிரலில் இருந்தது.
விட்டிலில் இப்போது இரண்டு.
முப்பத்தோராம் பக்கம், ஆறாவது வரிசை,
இடது ஓரம்.
ஒரே தொடலில்
அமெரிக்கா போய்விட்டது.

வேகவைக்கக் காரம் வாங்கித்தான் வைத்திருந்தேன்.
அதற்குள் கைச்சூடு ஏறி
ஒரு கால் அசைந்தது, பிறகு இன்னொன்று.
உடம்பெல்லாம் நடுங்க நின்று
எழுந்து
சுவருக்கே திரும்பிப் போனது,
விளக்கிலிருந்து அதே ஒன்றரை அடி.

நாலு மணிக்கு நம்புதாளை வண்டி.
அறுபது பார் ஏற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சகுபர் டீயோடு வந்து
சுவரைப் பார்த்தார்.

பேரு கெடச்சிச்சா?

ரெண்டு புள்ளின்னா பேர் இருக்கு.

மூணுன்னா?

தெரியல. இருக்காது போல.

டீயை ஒரு தரம் ஊதினார்.
அப்ப மூணுன்னே எழுது,
நம்ம ஊருக்காரனா இருந்துட்டுப் போகட்டும்.